ஊரிலிருந்து பெங்களூருக்கு ஐசியூ நோயாளி: ஹெலிகாப்டரா, விமானமா, ரோடா?

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் அப்பா அம்மா ஊரில்தான். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை, மதுரை, திருநெல்வேலி. அங்கிருந்து ராத்திரி ஒரு போன் வரும்: அப்பா ஐசியூவில் இருக்கிறார், வென்டிலேட்டர் போட்டிருக்கிறார்கள். அடுத்த சில நிமிஷத்தில் மகனோ மகளோ இங்குள்ள ஆஸ்பத்திரிகளைக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். அப்படி ஒரு ஆஸ்பத்திரியில், வெளியூர் நோயாளிகளை இங்கே மாற்றிக் கொண்டுவரும் டெஸ்கில் நான் இருக்கிறேன். தமிழில் பேசினால் அழைப்பை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், செலவைப் பத்திக் கவலை இல்லை. ஹெலிகாப்டர்ல கொண்டு வந்துடலாமா?"

கொண்டு வரலாம்தான். ஆனாலும் என் பதில் அநேகமாக "வேண்டாம்" என்றே இருக்கும். சேலத்துக்கு இந்தப் பக்கம் என்றால் நல்ல ஐசியூ ஆம்புலன்ஸ் போதும். மதுரையைத் தாண்டிவிட்டால் குட்டி விமானம். ஹெலிகாப்டர், ரோடு இல்லாத இடத்துக்கு. நடுவில் கிடக்கும் கோவை, திருச்சி, மதுரைதான் தகராறு. இந்த முடிவுக்கு எப்படி வருகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போனில் பதறும் மகனிடம் இதையெல்லாம் விளக்க நேரம் இருப்பதில்லை.

முதலில், நகர்த்தத்தான் வேண்டுமா?

வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும். அங்கே இல்லாத எந்த சிகிச்சைக்காக இங்கே வருகிறீர்கள்? "நாங்க எல்லாரும் பெங்களூர்ல இருக்கோம், இங்க இருந்தா பார்த்துக்க வசதி" என்பது நியாயமான ஆசை. ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரை அசைக்க அது மட்டும் காரணமாகாது. எக்மோ (இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் கருவி) வேண்டும், மூளை அறுவை சிகிச்சை வேண்டும், கல்லீரல் மாற்று வேண்டும், அங்கே அதற்கான டாக்டர் இல்லை என்றால் அது காரணம்.

இரண்டு நோய்களில் அவசரப்பட்டுக் கிளம்புவதே ஆபத்து. பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சேலத்தில் சிடி ஸ்கேன் எடுத்து ஊசி போட ஆள் இருக்கும்போது, பெங்களூருக்கு வண்டி பிடித்து அந்த நாலரை மணி நேரத்தை ரோட்டில் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். மாரடைப்பும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறப்பது) செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால், பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கட்டி கரைக்கும் ஊசி போட்டுவிட்டு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் பெரிய இடத்துக்குக் கொண்டுபோவதுதான் முறை. ஊசி போட்ட பிறகு கிளம்புங்கள். அதற்கு முன் கிளம்பாதீர்கள்.

விபத்து என்றால் இன்னொரு விஷயம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அது அங்குள்ள பட்டியல் ஆஸ்பத்திரிகளில்தான் செல்லும். கிருஷ்ணகிரியில் அடிபட்டவரை உடனே கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டிக் கொண்டுவந்தால் அந்தச் சலுகை கையை விட்டுப் போகும். பணத்தை விடுங்கள், ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் வயிற்றோடு எல்லை தாண்டுவது எந்த வகையில் நல்லது?

ஹெலிகாப்டர்

டிவியில் பார்க்கிற ஜெர்மன் மஞ்சள் ஹெலிகாப்டர்கள்தான் எல்லோர் மனதிலும் இருக்கின்றன. அங்கே 1970 நவம்பரில் மியூனிக்கில் 'கிறிஸ்டோஃப் 1' என்ற பெயரில் தொடங்கியது அந்தச் சேவை. அதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஹெலிகாப்டரின் முதல் வேலை நோயாளியை ஏற்றிச் செல்வது அல்ல, டாக்டரைச் சம்பவ இடத்துக்குக் கொண்டுபோவது. சுற்றுவட்டாரத்தில் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் எங்கே விபத்து நடந்தாலும் சில நிமிஷங்களில் ஒரு டாக்டர் அங்கே இறங்கிவிடுவார். நோயாளி நிலைப்பட்ட பிறகு சில சமயம் சாதாரண ஆம்புலன்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போவார். இதற்கு ஹெலிகாப்டர் எப்போதும் தயாராக நிற்க வேண்டும், பைலட்டும் டாக்டரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் இறங்குதளம் இருக்க வேண்டும், செலவை யாராவது வருடம் முழுக்க ஏற்க வேண்டும்.

இங்கே நாம் கேட்பது வேறு. போன் செய்த பிறகு ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்து, அதில் ஸ்ட்ரெச்சர் பொருத்தி, அனுமதி வாங்கி, ஊருக்கு அனுப்பி, திரும்பக் கொண்டுவர வேண்டும். தர்மபுரி கணக்கைப் போட்டுப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து பொம்மசந்திரா பக்கமுள்ள ஆஸ்பத்திரிக்கு ரோட்டில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர், ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி. ஹெலிகாப்டர் மணிக்கு 220 கிலோமீட்டர் பறந்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும், சரி. ஆனால் அது முதலில் இங்கிருந்து அங்கே போக வேண்டும், இன்னொரு அரை மணி நேரம். அங்கே எங்கே இறங்கும்? ஏதாவது மைதானத்தில், கலெக்டர் ஆபீஸ் அனுமதியோடு, போலீஸ் பந்தோபஸ்தோடு. ஆஸ்பத்திரியிலிருந்து அந்த மைதானத்துக்கு ஒரு ஆம்புலன்ஸ். மைதானத்தில் வென்டிலேட்டர், மானிட்டர், மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்சு பம்ப் எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரெச்சரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். இங்கே இறங்கியதும் மறுபடி ஒரு ஆம்புலன்ஸ், மறுபடி மாற்றம். இந்த ஒவ்வொரு மாற்றத்திலும்தான் மூச்சு ட்யூப் நழுவும், மருந்து ஏறும் லைன் பிடுங்கிக்கொள்ளும். பறக்கும் நேரம் அரை மணி. கட்டிலிலிருந்து கட்டிலுக்கு ஆகும் நேரமோ ரோட்டைவிட அதிகம். இதைச் சொன்னால் மகன்கள் சிலருக்குக் கோபம் வரும், நான் ஏதோ மிச்சம் பிடிக்கப் பார்ப்பதாக.

அப்புறம் உள்ளே நடப்பது. ஹெலிகாப்டர் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சைக் கேட்க முடியாது. மானிட்டரில் வரும் எண்களை நம்பித்தான் சமாளிக்க வேண்டும், அலாரம் அடித்தாலும் காதில் விழாது, விளக்கைப் பார்த்தால்தான் உண்டு. அதிர்வு வேறு. சின்ன ஹெலிகாப்டர் என்றால் நோயாளியின் தலைப் பக்கம் மட்டும்தான் கை எட்டும். கால் பக்கம் ஒரு லைன் கழன்றால் இறங்கும் வரை அப்படியே. ஏர்பஸ் ஹெச்145 மாதிரி, பின்னால் கதவு திறந்து ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே தள்ளக்கூடிய இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர் என்றால் நிலைமை பரவாயில்லை. வாடகைக்குக் கிடைப்பது எப்போதும் அந்த ரகமாக இருக்காது. கூட வர உறவினருக்கு இடம் கேட்காதீர்கள், இருக்காது.

இன்னொன்று, ராத்திரி. நம் ஊரில் மருத்துவ ஹெலிகாப்டர் பெரும்பாலும் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில்தான் பறக்கும். இறங்கும் மைதானத்தில் விளக்கு கிடையாது, பைலட் கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மழைமேகம் தாழ்ந்திருந்தால் பகலிலும் கிடையாது. ஐசியூ போன்கள் ராத்திரியில்தான் அதிகம் வருகின்றன.

பெங்களூர் ஹெலிகாப்டர் செய்யும் ஊர் என்பதை யோசித்தால் கொஞ்சம் வேடிக்கைதான். சேத்தக்கும் துருவும் இங்கே ஹெச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில்தான் உருவாயின. ஆனாலும் ஆஸ்பத்திரி மாடியில் ஹெலிகாப்டர் இறங்கி, லிஃப்டில் நேராக ஐசியூவுக்கு இறக்குவது இங்கே அன்றாடக் காட்சி இல்லை. 2018 மார்ச்சில் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஹெலி டாக்சி தொடங்கினார்கள். ரோட்டில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் தூரத்தைக் கால் மணி நேரத்தில் கடந்தது. நல்ல சம்பளக்காரர்கள் நிறைந்த அந்தப் பாதையிலேயே அது நிலைக்கவில்லை. எப்போதோ ஒரு தடவை வரும் நோயாளிக்காக எந்தக் கம்பெனி ஹெலிகாப்டரைச் சும்மா நிறுத்தி வைக்கும்? சென்னை ஐஐடியில் பிறந்த ஒரு கம்பெனி மின்சாரத்தில் பறக்கும் ஆம்புலன்ஸ்களுக்கு 2025-ல் பெரிய ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பறக்கட்டும், அப்போது இந்தக் கட்டுரையைத் திருத்துகிறேன்.

ஹெலிகாப்டரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்ற இடங்கள் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்களே, அப்போது சாப்பாட்டுப் பொட்டலம் போட்டதும், கர்ப்பிணி உட்படச் சிலரை மீட்டதும் விமானப்படை ஹெலிகாப்டர்தான். அங்கே ரோடும் தண்டவாளமும் தண்ணீருக்குள். கேதார்நாத்தும் அப்படி, மேலே வண்டி போகும் ரோடே கிடையாது. அதனால்தான் ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபரில் 'சஞ்சீவினி' என்ற ஹெலிகாப்டர் சேவையைத் தொடங்கினார்கள். அதே ஹெலிகாப்டர் 2025 மே மாதம் நோயாளியை எடுக்க கேதார்நாத்துக்குப் போய் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி வால் முறிந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். மலையில் இந்த ஆபத்தை ஏற்பதில் அர்த்தம் உண்டு, ஏனென்றால் அங்கே வேறு வழி இல்லை. தேசிய நெடுஞ்சாலை ஓடும் கிருஷ்ணகிரியிலிருந்து வர அதை ஏற்பானேன்?

குட்டி விமானம்

ஏர் ஆம்புலன்ஸ் என்று போனில் கேட்டால் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இதுதான். பீச்கிராஃப்ட் கிங் ஏர், பிலாட்டஸ் பிசி-12 மாதிரி காற்றாடி எஞ்சின் விமானம், இல்லை ஒரு சின்ன ஜெட். சில இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன், வென்டிலேட்டர் பொருத்தியிருப்பார்கள். டாக்டர் ஒருவர், நர்ஸ் அல்லது பாராமெடிக் ஒருவர், பெரும்பாலும் ஒரு உறவினர்.

திருநெல்வேலிக் கணக்கு இது. ரோட்டில் 600 கிலோமீட்டர், ஆம்புலன்ஸில் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. விமானம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கு முக்கால் மணி நேரம், ஏற்றி இறக்க ஒரு மணி நேரம், பறக்க ஒன்றேகால் மணி நேரம் போல, இங்கே ஏர்போர்ட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு முக்கால். நாலு மணி நேரத்தில் கட்டிலுக்கு வந்துவிடுகிறார். பத்துக்கு நாலு என்றால் பேச்சே இல்லை. ஆனால் விமானம் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். டெல்லியில் நின்றால், அது வந்து சேரும் நேரத்தையும் சேர்க்க வேண்டும், அது காலியாகப் பறக்கும் மணி நேரத்துக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சேலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் விமானம் தோற்றுவிடும். காமலாபுரம் ஏர்போர்ட் இருக்கிறதுதான். ஆனால் அங்கே போய், ஏற்றி, பறந்து, இறங்கி, ஊருக்குள் வருவதற்குள் ரோட்டில் கிளம்பிய வண்டி ஓசூரைத் தாண்டியிருக்கும். ஓசூருக்கே ஏர்போர்ட் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தில் இருக்கும் 150 கிலோமீட்டர் கட்டுப்பாடு 2033 வரை நிற்கிறது, அதனால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இங்கே எந்த ஏர்போர்ட்டில் இறங்குகிறது என்பது முக்கியம். 2008-ல் பயணிகள் விமானமெல்லாம் தேவனஹள்ளிக்குப் போன பிறகும், பழைய ஹெச்ஏஎல் ஏர்போர்ட்டில் தனி விமானங்கள் இறங்குகின்றன. இந்திரா நகர், மாரத்தஹள்ளி, கோரமங்களா பக்கம் ஆஸ்பத்திரி என்றால் ஹெச்ஏஎல்லைக் கேட்டு வாங்குங்கள். ஹெப்பால், எலஹங்கா பக்கம் என்றால் தேவனஹள்ளியே மேல். தேவனஹள்ளியில் இறக்கி பன்னேர்கட்டா ரோட்டுக்குக் கொண்டுபோவதென்றால், ஆகாயத்தில் மிச்சம் பிடித்ததை ரிங் ரோட்டில் செலவழிக்க வேண்டியதுதான்.

விமானத்தில் ஒரு மருத்துவ விஷயம் உண்டு, அதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. கிட்டத்தட்ட 6,000 முதல் 8,000 அடி உயர மலை மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அங்கே நல்ல உடம்புக்காரருக்கே ஆக்ஸிஜன் அளவு கொஞ்சம் இறங்கும். உடம்புக்குள் அடைபட்ட காற்று விரியும், தூத்துக்குடியில் 100 மில்லி இருந்த காற்று மேலே போனதும் 130-ஐத் தாண்டிவிடும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், முதலில் நெஞ்சில் ட்யூப் போட்டு வெளியேற்றாமல் ஏற்றவே கூடாது. அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை, குடல் அடைப்பு, தலைக்காயத்தில் மண்டைக்குள் காற்று, இவையெல்லாம் கேட்டுத் தெளிய வேண்டியவை. தாழப் பறந்து உள்ளே கடல்மட்ட அழுத்தத்தை வைத்துக்கொள்ளும்படி கேட்கலாம், எரிபொருள் அதிகமாகும், பயணமும் நீளும். 'பறக்கத் தகுதி' என்று ஒரு சான்றிதழ் கேட்பார்கள். அதை எழுதும் டாக்டர் இதையெல்லாம் யோசித்து எழுதினாரா, கேட்டவுடன் கையெழுத்துப் போட்டாரா என்பது நீங்கள் கேட்கும் கேள்வியில் தெரிந்துவிடும்.

ரோடு

கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். ஆனால் இருநூறு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குள் இதற்கு இணை கிடையாது. வீட்டு வாசல் மாதிரி ஐசியூ வாசலிலேயே ஏற்றி, ஐசியூ வாசலிலேயே இறக்குகிறது. நடுவில் மாற்றம் இல்லை. ஏதாவது ஆனால் நிறுத்தலாம். கிருஷ்ணகிரியில், ஓசூரில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிடலாம். மேலே பறக்கும்போது அந்த வசதி இல்லை.

ஆனால் "ஐசியூ ஆம்புலன்ஸ்" என்று வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். நம் நாட்டு விதிப்படி ஆம்புலன்ஸில் ஏ, பி, சி, டி என்று நாலு வகை. மேம்பட்ட உயிர்காப்பு வசதி உள்ளது டி. போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: வென்டிலேட்டர் எந்த ரகம், அதற்கு பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ஆக்ஸிஜன் எத்தனை சிலிண்டர்.

ஆக்ஸிஜன் கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன், இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சின்ன பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். பெரிய டி டைப்பில் 7,000 லிட்டர். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமிஷத்துக்கு 12 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், சேலத்திலிருந்து நாலு மணி நேரத்துக்கு 2,880 லிட்டர். இரண்டு பி டைப்பில் ஒப்பேற்றிவிடலாம் என்று டிரைவர் சொல்வார். கணக்குப்படி சரிதான், தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து டிராஃபிக் நிற்காத வரைக்கும். தேவைப்படும் அளவைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அப்படியானால் முழுசாக நிரம்பிய ஒரு டி டைப், கைக்கு ஒரு பி டைப். சிலிண்டர் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று கிளம்பும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஒரு தடவை திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. கதவைத் திறந்தால், பாராமெடிக் பையன் சட்டை நனைந்து, மூச்சுக் கொடுக்கும் 'ஆம்பு' பையைக் கையால் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். வென்டிலேட்டர் பாட்டரி கிருஷ்ணகிரியிலேயே போய்விட்டதாம், வண்டி இன்வெர்ட்டரும் வேலை செய்யவில்லை. டாக்டர் யாரும் கூட வரவில்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், அந்தப் பையனின் கையால். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தபோது டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, விரல்கள் மடங்கியே இருந்தன.

அதனால் வண்டியைவிட, உள்ளே யார் வருகிறார் என்பதைக் கேளுங்கள். "டாக்டர் வருவார்" என்பார்கள். எந்த டாக்டர்? மூச்சுக்குழாய் ட்யூப் நழுவினால் ஓடும் வண்டியில் மறுபடி போடத் தெரிந்தவரா? மயக்க மருந்து, அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை, இதில் பழகியவர் என்றால் நிம்மதி. வாடகை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஒரு நல்ல டாக்டரோடு வரும் சாதாரண வண்டி, டாக்டரே இல்லாத பளபள விமானத்தைவிட மேல் என்பேன்.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். சாலை இரவில் காலியாக இருக்கும் என்று பத்து மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்கு வந்து சேருகிறார்கள். இங்கே ஐசியூவில் அப்போது டியூட்டி டாக்டர் மட்டும்தான். நோயாளி நிலையாக இருந்தால் சேலத்திலிருந்து விடியற்காலை இரண்டரை மூன்றுக்குக் கிளம்பச் சொல்வேன். அத்திப்பள்ளி டோலை ஆறு மணி வாக்கில் தாண்டினால், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலமும் சில்க் போர்டும் மூச்சு முட்டுவதற்கு முன் உள்ளே வந்துவிடலாம், பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கும் சரியாக இருக்கும். நிலையில்லாதவருக்கு இதெல்லாம் பார்க்க முடியாது. அப்போது டிராஃபிக் போலீஸிடம் ஆஸ்பத்திரி மூலமாக உதவி கேட்கலாம். சிக்னல்களை நிறுத்தி வழிவிடும் பச்சை வழித்தடம் பெரும்பாலும் மாற்று அறுவைக்குப் போகும் உறுப்புகளுக்குத்தான் கிடைக்கிறது. 2025 ஆகஸ்டில் ஒரு கல்லீரல் ஒயிட்ஃபீல்டிலிருந்து ராஜராஜேஸ்வரி நகருக்கு மெட்ரோவிலேயே போனது. கல்லீரல் போகலாம், கல்லீரல் நோயாளி போக முடியாது.

டிரைவரிடம் வேகமாக ஓட்டச் சொல்லாதீர்கள். திடீர் பிரேக் தலைக்காயக்காரருக்குக் கெடுதல், மூளை அழுத்தம் ஏறும். ஒரே சீராக ஓட்டுபவர்தான் நமக்கு வேண்டும்.

மற்ற இரண்டு

பயணிகள் விமானத்தில் இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் போடும் வசதி சில நிறுவனங்களில் உண்டு. மெடிஃப் என்ற மருத்துவத் தகவல் படிவம் நிரப்பி, அவர்கள் டாக்டர் ஒப்புக்கொண்டு, இரண்டு மூன்று நாள் ஆகும். வென்டிலேட்டரில் இருப்பவரை ஏற்க மாட்டார்கள். இடுப்பு எலும்பு முறிந்து நிலையாக இருக்கும் பெரியவரை டெல்லியிலிருந்து கூட்டிவர நல்ல வழி.

ரயிலும் அப்படித்தான். தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ், நாகர்கோவில்–பெங்களூர் எக்ஸ்பிரஸ் இரண்டிலும் ஏசியில் படுக்க வைத்துக் கூட்டி வருகிறார்கள். டாக்டர் சான்றிதழ் இருந்தால் ஆக்ஸிஜன் சிலிண்டரும் கொண்டுவரலாம். கோச் வாசலில் ஸ்ட்ரெச்சரைத் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மதுரை வந்தே பாரத் வேகமாக வருகிறதே என்பார்கள், அதில் உட்காரத்தான் முடியும். "ட்ரெயின் ஆம்புலன்ஸ்" என்று விளம்பரம் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த டிக்கெட்டை எடுத்து ஒரு நர்ஸைக் கூட அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். ஐசியூ நோயாளிக்கு ரயில் வேண்டவே வேண்டாம்.

பணமும் புரோக்கர்களும்

ரோடு ஆயிரங்களில் முடியும், விமானமும் ஹெலிகாப்டரும் லட்சங்களில். ஆம்புலன்ஸுக்கு கிலோமீட்டர் கணக்கு, திரும்பிப் போகும் தூரமும் சேரும். வென்டிலேட்டருக்கும் டாக்டருக்கும் தனி. விமானத்துக்கு மணிக்கணக்கு, காலியாக வந்துபோகும் நேரமும் சேரும், இரண்டு பக்கமும் ஆம்புலன்ஸ் இதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸில் ஏர் ஆம்புலன்ஸ் உண்டு என்று பாலிசியில் போட்டிருந்தாலும் ஒரு உச்சவரம்பு இருக்கும், முன்கூட்டி ஒப்புதல் கேட்பார்கள், மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். குடும்ப வசதிக்காக மாற்றினோம் என்றால் கைவிரித்துவிடுவார்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வருபவர்களில் பலருக்குச் சொந்த விமானமே கிடையாது. உங்களிடம் முன்பணம் வாங்கிய பிறகுதான் விமானம் தேடுவார்கள். விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏவின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது, விமானத்தின் 'விடி' என்று தொடங்கும் பதிவு எண் என்ன, இப்போது எங்கே நிற்கிறது, இந்த மூன்றுக்கும் பதில் வராமல் பணம் அனுப்ப வேண்டாம். "டாக்டர் சொன்னா உடனே கிளம்பிடும் சார்" என்பது பதில் இல்லை.

தகராறு உள்ள தூரம்

கோவை 360 கிலோமீட்டர், மதுரை 430-ஐத் தாண்டும். ரோட்டில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். இங்கே நோயாளியின் நிலைதான் முடிவு செய்ய வேண்டும். வென்டிலேட்டரில் இருந்தாலும் ஆக்ஸிஜன் தேவை குறைவாக, ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு மருந்து மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால், ரோடு. இரண்டு மூன்று மருந்து பம்பு ஓடுகிறது, ஆக்ஸிஜன் ஏறிக்கொண்டே போகிறது என்றால் எட்டு மணி நேரம் ரோட்டில் வைப்பது பயம், விமானம். அதைவிட மோசம், கட்டிலில் திருப்பிப் படுக்க வைத்தாலே அழுத்தம் விழுகிறது என்றால் எதுவும் வேண்டாம், அங்கேயே ஒரு நாள் இருக்கட்டும். கோவையிலும் மதுரையிலும் திருச்சியிலும் இல்லாத வைத்தியம் இங்கே அப்படி நிறைய இல்லை. இதை ஆஸ்பத்திரி டெஸ்கில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்லக்கூடாதுதான், சொல்லிவிடுகிறேன்.

எது முடிவானாலும், அங்குள்ள ஐசியூ டாக்டரும் இங்குள்ள ஐசியூ டாக்டரும் நேரடியாகப் போனில் பேசட்டும். நீங்கள் நடுவில் நின்று "பிபி நார்மலாம்" என்று செய்தி கடத்த வேண்டாம். பெட் உறுதி என்று இங்கிருந்து வார்த்தை வரும் வரை அங்கே ஸ்ட்ரெச்சரை அசைக்க விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சிடி, ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியல், நோயாளியின் ஆதார், இவை ஒரு பையில். அந்தப் பை ஆம்புலன்ஸில் வரட்டும், காரில் வேண்டாம். காரில் வரும் சொந்தக்காரர்கள் ஆம்புலன்ஸைத் துரத்திக்கொண்டு சிக்னல் தாண்டாதீர்கள். ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி இங்கே வந்து, அட்மிஷன் கவுண்டரில் இன்சூரன்ஸ் கார்டைக் கொடுத்து ஃபைல் போட்டு வைத்தால், வண்டி வந்ததும் நேராக மேலே ஏற்றிவிடுவோம்.